சுருதி நினைவும் மூளை மின்தூண்டலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழுக்கும் இடமளிக்கும் இவ்விழாவில், இசையைப் பற்றிச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தார்கள். இசையைப் பாடிக் காட்டும் ஆற்றல் எமக்கு இல்லை. கேட்டு மகிழ்வதும், கேட்டதைப் பற்றிப் படித்து ஆராய்வதுமே எம்மால் இயன்றவை. ஆதலின், "கேட்ட சுரத்தை மனம் எவ்வாறு பிடித்து வைத்துக்கொள்கிறது? மூளையில் சிறிது மின்சாரத்தைச் செலுத்தினால் அப்பிடிப்பு வலுக்குமா, தளருமா?" என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம். பொருள் புதியது, சற்றுக் கடினமானதும்கூட. ஆயினும், நம் காலனிப் பிள்ளைகளை நேரே தொடும் பொருள் இது. எவ்வாறு என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே விழாவிற்காகச் சிறுவர் சிறுமியர் கூட்டாகப் பாடப் பயின்றனர். அவர்களுள் ஒரு சிறுவன் ஆர்வம் மிக்கவன். ஒத்திகைக்கு முதலில் வருபவனும் அவனே. ஆனால், எல்லாரும் மேலே செல்லும்போது அவன் குரல் கீழே நின்றது. எல்லாரும் கீழே இறங்கும்போது வேறெங்கோ சென்றது. விழா நாள் நெருங்கியது. பயிற்சியை மேற்பார்த்த யாம் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, நீ பாட வேண்டா; வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை. விழாவன்று அவ்வாறே செய்தான். அடுத்த ஞாயிறு முதல் பாட்டு வகுப்பிற்கு வரவில்லை.

"அவனுக்குச் சுருதி ஞானம் இல்லை, அது பிறவியிலேயே வர வேண்டும்" என்று எமக்கு யாமே அமைதி சொல்லிக்கொண்டோம். அக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராயப் புகுந்ததன் பயனே இவ்வுரை.

சுருதி நினைவு என்பது யாது?

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் தனித்தனிப் பெயரிட்டவர் நம் முன்னோர். ஒரு சுரத்திற்கும் அதன் அடுத்த சுரத்தானத்திற்கும் அதிர்வெண்ணில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு மட்டுமே. ஒரு சுரம் ஒலித்து மறைந்தபின், அடுத்து வருவது அதனினும் உயர்ந்ததா, தாழ்ந்ததா என அறிய வேண்டுமாயின், மறைந்த சுரம் மனத்தில் சில நொடிகளாவது நின்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிறுத்தி வைக்கும் ஆற்றலையே சுருதி நினைவு என்கிறோம். அது நில்லாவிடின் ஆரோகணமும் இல்லை, அவரோகணமும் இல்லை, இராகமும் இல்லை.

இந்நினைவு பிற நினைவுகளினின்றும் வேறானது என்பதை டயானா டாய்ச் என்னும் அறிஞர் 1970இல் ஓர் எளிய சோதனையால் காட்டினார். ஓர் ஒலியைக் கேட்பித்து, சில நொடிகள் கழித்து மற்றோர் ஒலியைக் கேட்பித்து, இரண்டும் ஒன்றா வேறா எனக் கேட்டார். இடையில் எண்களை உரக்கச் சொன்னபோது கேட்டவர்கள் பெரும்பாலும் தவறவில்லை. அந்த எண்களையும் நினைவில் வைத்துச் சொல்லுமாறு பணித்தபோதும் அவர்கள் மிகுதியாகத் தடுமாறவில்லை. ஆனால், இடையில் வேறு இசையொலிகளைச் செலுத்தியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் பிழையாயின. சொல்லுக்கு ஒரு பெட்டி, சுரத்திற்கு வேறொரு பெட்டி என மனத்தில் அமைந்திருப்பது இதனால் புலனாகிறது. சுரத்தின் பெட்டியைக் கலைப்பது சுரமே.

தம்புராவின் அருமையும் இங்கே விளங்குகிறது அன்றோ? பாடுவோர் எத்தனை சுரங்களைத் தொட்டுச் சென்றாலும், ஆதார சட்சம் கலைந்துவிடாதபடி அது நொடிதோறும் நினைவூட்டிக்கொண்டேயிருக்கிறது. ஒரு கட்டையில் பாடுபவர்க்கும் ஐந்து கட்டையில் பாடுபவர்க்கும் இத்துணை பொதுவானதே.

இனி, நெடுங்கால நினைவு. டேனியல் லெவிட்டின் என்பவர் 1994இல் 46 பேரை, அவர்கள் நன்கறிந்த இசைத்தட்டுப் பாடல்களை நினைவிலிருந்தே பாடச் செய்தார். நூற்றுக்கு நாற்பதின்மர், இரண்டு முயற்சிகளுள் ஒன்றிலேனும் இசைத்தட்டில் உள்ள அதே சுருதியில் பாடினர். சாதாரண மனிதர் தம்மிடம் இல்லை என்று எண்ணும் ஓர் ஆற்றல், அவரறியாமலே அவருள் உறைகிறது என்பதற்கு இது சான்று.

அறுவை மேசையில் எழுந்த இசை

மூளையின் எப்பகுதியில் இசை தங்குகிறது என்னும் வினாவிற்கு முதல் வியப்பான விடை கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரிலிருந்து வந்தது. அங்கே 1934இல் நரம்பியல் கழகம் ஒன்றை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், மருந்தால் தீராத வலிப்பு நோயினர்க்கு மூளை அறுவை செய்து வந்தார். மூளைக்குத் தானாக வலியுணர்வு இல்லை. ஆதலின், தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளர் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மெல்லிய மின்வாயால் மூளையின் மேற்பரப்பை அங்கங்கே தொட்டு, எவ்விடத்தை அகற்றலாம், எவ்விடத்தைக் காக்க வேண்டும் என்று ஆராய்வார்.

காதை ஒட்டிய பொட்டுப் பகுதியைத் தொட்டபோது, நோயாளர் சிலர் இசை கேட்பதாகக் கூறினர். ஒரு பெண்மணி வாத்தியக் குழு ஒன்று பாடலை இசைப்பதைக் கேட்டார். மின்வாயை எடுத்தால் இசை நின்றது. அதே இடத்தில் மீண்டும் வைத்தால், பாடல் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கிற்று. அவரை ஏமாற்றிப் பார்க்கவும் கருதி, பென்ஃபீல்டு முப்பது முறை அவ்விடத்தைத் தொட்டார். முப்பது முறையும் அதே பாடல். அப்பெண்மணி உடன் முணுமுணுத்துப் பாடியும் காட்டினார்.

மூளையின் அறைக்குள் நாம் கேட்ட அனைத்தும் ஒலிநாடாபோலப் பதிவாகியுள்ளன என்று பென்ஃபீல்டு கருதினார். ஆயினும், அவரும் பெரோ என்பவரும் 1963இல் வெளியிட்ட கணக்கின்படி, பொட்டுப் பகுதி தூண்டப்பெற்ற 520 பேருள் 40 பேரே இத்தகைய அனுபவங்களைக் கூறினர். அவற்றுட் பல, பழைய நிகழ்ச்சியின் நேரான பதிவாக அன்றிக் கனவுபோலக் கலந்து அமைந்தவை என்று பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். எனினும், மின்சாரம் தொட்டால் இசை நினைவு அசையும் என்னும் அடிப்படை உண்மை அன்று நிலைபெற்றது.

மண்டையோட்டைத் திறவாமலே

நலமுடன் இருப்போரின் தலையை ஆராய்ச்சிக்காகத் திறத்தல் தகாது. அறிஞர்கள் வேறு வழி கண்டனர். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் பொருத்தி, அவற்றின் வழியே ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவுள்ள நேர் மின்னோட்டத்தை இருபது நிமிடம் வரை செலுத்துவது அம்முறை. ஒரு டார்ச்சு விளக்கின் பல்பு எடுப்பதில் நூற்றில் ஒரு பங்கும் இராது. நேர் மின்வாய் வைக்கப்பட்ட இடத்தில் நரம்பணுக்கள் எளிதில் கிளர்ச்சியுறும் என்பதும், எதிர் மின்வாய் வைக்கப்பட்ட இடத்தில் அவை சற்று அடங்கும் என்பதும் பொதுவான கொள்கை.

எங்கே வைப்பது? காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாக மூளைப் புறணியில் ஒரு மடிப்பு உண்டு. மருத்துவ நூல்கள் அதனைச் சூப்ராமார்ஜினல் ஜைரஸ் என வழங்கும். நாம் 'செவிமேல் மடிப்பு' என்று அழைப்போம். சுருதியை நன்கு நினைவிற்கொள்வோரிடம் இடப்புறத்துச் செவிமேல் மடிப்பு மிகுதியாக இயங்குவதை எம். ஆர். ஐ. படங்கள் 2003இல் காட்டின. ஆனால், ஒன்று நிகழும்போது மற்றொன்றும் நிகழ்கிறது என்பதனால், ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. சேவல் கூவும்போது பொழுது விடிகிறது. சேவலா விடியலுக்குக் காரணம்? சேவலின் வாயை மூடிப் பார்த்தாலன்றித் தெளிவு பிறவாது.

மின்தூண்டல் அவ்வாறு மூடிப் பார்க்கும் கருவியாயிற்று. 2006இல் வைன்ஸ், ஷ்னைடர், ஷ்லாவ்க் என்னும் மூவர், இடப்புற மடிப்பின்மீது எதிர் மின்வாயை வைத்து அதன் இயக்கத்தைச் சிறிது தாழ்த்தினர். பிறகு ஒலி வரிசைகளைக் கேட்பித்து, முதல் ஒலியையும் இறுதியில் வரும் ஒலியையும் ஒப்பிடச் செய்தனர். விடைகள் முன்னினும் பிழைபட்டன. வலப்புறத்தில் அதே மின்னோட்டம் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை விளைக்கவில்லை.

"தலையில் மின்சாரம் பாய்கிறது என்னும் அச்சமே பிழைக்குக் காரணமாகலாமே?" என நீங்கள் கேட்கலாம். அதற்காகவே போலித் தூண்டல் என்றொரு முறையும் உண்டு. பஞ்சுத் துண்டுகளை வைத்து, அரை நிமிட அளவு மின்சாரம் செலுத்தித் தோலில் கூச்சம் உண்டாக்கிவிட்டு, பின்னர் ஓசையின்றி நிறுத்திவிடுவர். உண்மை எது, போலி எது என்று அமர்ந்திருப்பவர்க்குத் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டே முடிவு காண்பர்.

தாழ்த்தினால் குறைகிறதெனின், உயர்த்தினால் கூடுமா? 2013இல் ஷால், வில்லியம்சன், பானிசி என்னும் மூவர், அதே இடப்புற மடிப்பின்மீது நேர் மின்வாயை வைத்தனர். சுரங்களை நினைவிற்கொள்ளும் ஆற்றல் உயர்ந்தது. கண்ணால் கண்டவற்றை நினைவிற்கொள்ளும் ஆற்றலில் மாற்றமில்லை. ஆகவே, பொதுவாக விழிப்பு மிகுந்ததன் பயன் அன்று அது. சுரத்தின் பெட்டியே சற்று விரிந்தது எனலாம்.

பயின்றவர் மூளையும் பயிலாதவர் மூளையும்

அன்பர்களே! நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. மேற்கூறிய சோதனைகளைப் படித்தபின், சுருதி நினைவின் இருக்கை இடப்புற மடிப்பு என்றும், அது நன்கு அமைந்தவர் பாடகர், அமையாதவர் பாவம் என்றும் எண்ணத் தோன்றும். யாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால், ஷாலும் அவருடன் பணியாற்றியோரும் 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

இசை பயிலாதவரையும், நெடுநாள் பயின்ற இசைவாணரையும் அவர்கள் தனித்தனியே சோதித்தனர். பயிலாதவர்க்கு இடப்புற மடிப்பைத் தாழ்த்தியபோது சுருதி நினைவு குறைந்தது. இசைவாணர்க்கோ, வலப்புற மடிப்பைத் தாழ்த்தியபோதே குறைந்தது. ஒரே வேலை, இரு கூட்டத்தார்க்கு இரு வேறு இடங்கள்!

இசைவாணர் பிறவியிலேயே வேறாக அமைந்தவரா, பயிற்சியால் வேறானவரா என்பதை இவ்வொரு சோதனை மட்டும் முடிவு செய்துவிடாது. ஆயினும், ஒன்று திண்ணம். இசையை வைத்திருக்க மூளையில் ஒரே ஓர் இருக்கை, அது சிலர்க்கு உண்டு, சிலர்க்கு இல்லை என்னும் கூற்று நிற்காது. வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டன. சரளி வரிசையை மூன்று காலத்திலும் நாள்தோறும் பாடும் பிள்ளையின் மூளை, நேற்று நடந்த பாதையிலேயே என்றும் நடந்துகொண்டிருக்க வேண்டுவதில்லை. பயிலப் பயிலப் புதுப்பாதை அமையக்கூடும் என்று கருத இச்சோதனை இடந்தருகிறது.

உண்மையாகவே இடர்ப்படுவோர்

சுருதியை உணர்தலும் நினைத்தலும் உண்மையாகவே அரியனவாக உள்ள மக்களும் உலகில் உளர் என்பதை மறைத்தல் ஆகாது. செவியும் அறிவும் நன்றாயிருந்தும், பழகிய பாடலை இனங்காண இயலாதவர்கள் அவர்கள். இக்குறையைப் பிறவி அமூசியா என்பர். நூற்றுக்கு நால்வர்க்கு இஃது உண்டு என முன்னர்க் கணக்கிட்டனர். 2017இல் வெளியான விரிந்த ஆய்வு, நூற்றுக்கு ஒன்றரை அளவே என்றது.

அவர்கள் சுரங்களை மனத்தில் நிறுத்த முயலும்போது, வலப்புற நெற்றிப் பகுதியில் நொடிக்கு முப்பது நாற்பது முறை எழும் மின்னலைகள் பிறரிடத்தினும் குறைந்திருப்பதை 2013இல் கண்டனர். 2015இல், அதே பகுதியில் நொடிக்கு 35 முறை மாறும் மெல்லிய மாறு மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, அவர்களது சுருதி நினைவு பிறர் அளவிற்கு உயர்ந்தது. நொடிக்கு 90 முறை மாறும் மின்னோட்டத்தால் அப்பயன் விளையவில்லை. தாளம் பொருந்தினாலன்றி மூளையும் உடன் ஆடுவதில்லை போலும்!

இதனால் விளங்குவது யாது? அமூசியா உடையாரிடத்தும் வாயில் அடைபட்டுக் கிடக்கவில்லை, ஒருக்களித்துச் சாத்தியிருக்கிறது. சுருதி தவறுவதைச் சோம்பல் என்றோ கவனமின்மை என்றோ பழித்து, பிள்ளையை அடித்துத் திருத்த முயல்வது எவ்வளவு பேதைமை என்பதும் விளங்குகிறது.

விலை கொடுத்து வாங்கலாமா?

மின்சாரத்தால் நினைவு உயருமெனின், போட்டிக்கு முன்னர் நம் பிள்ளைகட்கும் ஒரு கருவி வாங்கிப் பொருத்தலாமே என்று எவரேனும் எண்ணக்கூடும். நினைவைக் கூர்மையாக்கும் என்று சொல்லித் தலையில் அணியும் கருவிகளை விற்போரும் இன்று உளர். வேண்டா என்பதே எம் வேண்டுகோள். காரணம் கூறுவோம்.

முதலாவது, மேற்கூறிய சோதனைகள் சிறு கூட்டத்தாரிடம் நிகழ்ந்தவை. இத்துறையில் ஒருவர் கண்ட பயனை மற்றொருவர் காணாத நிலை பன்முறை நேர்ந்துள்ளது. இரண்டாவது, தலைமேல் செலுத்தும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, தோலிலும் எலும்பிலும் தேய்ந்து போகிறது என்று 2018இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. எஞ்சியது எங்கே பாய்கிறது என்பது தலைக்குத் தலை மாறும். மூன்றாவது, ஓரிடத்தின் ஆற்றலை உயர்த்தும்போது மற்றோரிடத்தின் ஆற்றல் தாழவும் கூடும். வளரும் மூளையில் அதன் விளைவை எவரும் முற்றும் அறியார். வீட்டில் தாமே மின்தூண்டல் செய்துகொள்வோரை எச்சரித்து, இத்துறை அறிஞர்களே 2016இல் ஒரு வெளிப்படை மடல் எழுதினர். நான்காவது, ஒரு முறை செலுத்திய மின்னோட்டத்தின் பயன் பெரும்பாலும் ஒரு மணி அளவில் தேய்ந்துவிடுகிறது. மின்சாரம் வந்த வழியே போய்விடும். மார்கழி விடியலில் எழுந்து செய்த சாதகம் போவதில்லை.

நாம் செய்யத்தக்கன

இவ்வாராய்ச்சிகளின் பயன் கருவியில் இல்லை, அறிவில் உள்ளது. அவ்வறிவைக் கொண்டு நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைச் சிறிது மாற்றியமைக்கலாம் எனக் கருதுகிறோம்.

ஒரு பிள்ளை சுருதி சேராவிடின், முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். அடுத்து, அப்பிள்ளைக்குச் சுரம் கேட்கவில்லையா, நினைவில் நிற்கவில்லையா, அல்லது நினைவில் நின்றும் தொண்டை இணங்கவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். மூன்றும் வேறு வேறு. இரண்டு சுரங்களை ஆர்மோனியத்தில் வாசித்து, எது உயர்ந்தது என்று கேட்டால், பாடவராத பிள்ளைகளுள் பலர் சரியாகவே விடை கூறுவர். அவர்களுக்குக் குறை செவியில் இல்லை; மனத்திலும் இல்லை; குரல் பழகவில்லை, அவ்வளவே. ஆசிரியரின் கட்டைக்கு இழுக்காமல், பிள்ளையின் குரலுக்கு இயைந்த கட்டையில் தொடங்கினால் பாதி இடர் நீங்கும்.

நினைவில் நில்லாத பிள்ளைக்கு, நீண்ட வரியைப் பாடிக் காட்டித் திருப்பிச் சொல் என்றல் கூடாது. இடையில் வரும் சுரங்களே முந்திய சுரத்தைக் கலைக்கின்றன என்று கண்டோம் அன்றோ? இரண்டு அல்லது மூன்று சுரங்களே கொண்ட சிறு துண்டுகளாகப் பிரித்து, கேட்டவுடன் பாடச் செய்தல் நன்று. அருகில் மற்றப் பிள்ளைகள் வேறு வரிகளை முணுமுணுக்கவும் விடலாகாது. சுருதிப் பெட்டி ஓயாது ஒலித்துக்கொண்டிருத்தல் வேண்டும். இவற்றிற்கு ஒரு காசும் செலவில்லை, பொறுமையே முதல்.

ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு, பிள்ளைகளின் நாவில் தமிழ் நிற்பதற்குப் பாட்டே எளிய வழி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் பாடலைப் பாடித் தமிழை வைத்துக்கொள்கிறது. அதனைப் பாடாதே என்று தடுப்போமாயின், சுருதியை மட்டுமா தடுத்தவர் ஆவோம்?

இறுதியாக ஒரு சொல். அன்று யாம் வாயை மட்டும் அசைக்கச் சொன்ன அச்சிறுவன் இன்று வளர்ந்து இளைஞனாகிவிட்டான். அவனுடைய பெற்றோர் இன்னும் இக்காலனியிலேயே வாழ்கின்றனர். அவனுக்குச் சுரம் கேட்டதா, நினைவில் நின்றதா, குரல்தான் பழகவில்லையா என்று யாம் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. விழாவில் பாட்டு நன்றாக அமைய வேண்டும் என்பதையே கருதினோம். அது பிழை. அப்பிழையை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு விழாவின் கூட்டுப்பாடலில் சில குரல்கள் சற்று விலகி ஒலித்தால், அவையோர் பொறுத்தருள வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அனைவரும் பாடுவார்கள். அந்த இளைஞன் வர விரும்பினால் அவனுக்கும் அவ்வரிசையில் இடமுண்டு.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!